கடலை மணலில் கிடந்த குழாய்

ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று பட்டறைச் சங்கச் செயலாளர் வீடு தேடி வந்து கேட்டுப் போய் இருபது நாள் ஆகிறது. மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் இறுகிப்போன பேரிங்கை அந்தக் காலத்தில் எப்படிக் கழற்றினீர்கள், புதியதை எப்படி மாட்டினீர்கள் என்பதுதான் விஷயம். கூடவே என் புகைப்படம் ஒன்றையும் வாங்கிக்கொண்டார். படத்துக்குக் கீழே என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். "ஒரு சக்கரம்கூடத் திரும்பி வராத கை" என்றார். அதற்குப் பிறகு என்னால் அவர் எதிரே உட்கார முடியவில்லை. காபி கொண்டுவரும் சாக்கில் உள்ளே எழுந்து போய்விட்டேன்.

சாதாரணமாகவே நான் ஓரிடத்தில் உட்காருகிற ஆள் இல்லை. ராயபுரம் பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குப் 'பறக்காவெட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த இருபது நாளில் நாலு முறை எழுத உட்கார்ந்து நாலு முறையும் எழுந்து மாதா கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். இது ஐந்தாவது முறை.

பேரிங்கைப் பற்றி எழுதத் தெரியாமல் இல்லை. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போன மாதம் பட்டறைக்குப் புதிதாக வந்த, எண்ணெய் அழுத்தத்தில் பேரிங்கை இறக்குகிற பிரஸ்ஸைப் பார்க்கப் போயிருந்தேன். அருமையான இயந்திரம். நெம்புகோலை நாலு முறை அழுத்தினால் எப்பேர்ப்பட்ட பேரிங்கும் வெண்ணெயில் விரல் போவதுபோல் இறங்குகிறது. பழைய முறைதான் உசத்தி என்று பேச நான் வரவில்லை. அந்த முறையில் விரல் நகம் எத்தனை போயிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேடையில் ஒருவர் ஒரு வாஷரைப் போட மறந்துவிட்டு, மாட்டியதைத் திரும்பவும் கழற்றினார். உடனே இன்னொருவர் சிரித்தார்.

"இன்னா மாமு, தேவசகாயம் ஆயிட்டியா?"

யார் அந்தத் தேவசகாயம் என்று கேட்டேன். தெரியாது என்றார். எதையாவது போட மறந்தால் பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள், முன்னொரு காலத்தில் குழாய் போடாமல் சக்கரம் மாட்டிய ஆள் எவனோ இருந்தானாம் என்றார்.

எவனோ இல்லை. தேவசகாயம் எங்கள் மேஸ்திரி. குழாய் போடாமல் சக்கரம் மாட்டியவர் அவரும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பேரிங் விவரமும் இதற்குள்ளேயே வந்துவிடும், செயலாளர் கவலைப்பட வேண்டாம்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன், பிறகு ராயபுரத்துக்கு வந்தேன். அப்போது மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். துறைமுக அதிகாரிகள், போலீஸ் சார்ஜன்ட்டுகள், ஒன்றிரண்டு டாக்டர்கள். எல்லாம் சீமை வண்டி. முதல் மாதத்தில் ஒரு சக்கரத்தின் பூட்டு வளையத்தை வலது பக்கம் திருப்புவதா இடது பக்கமா என்று பார்க்காமல், இருந்த பலத்தையெல்லாம் போட்டு மரையை மழுக்கினேன். அதற்குப் பிறகு எந்த வளையத்தையும் தொடுவதற்கு முன் இரண்டு பக்கமும் லேசாகத் திருப்பிப் பார்ப்பேன். மூன்று வருடத்தில் நான் கற்றது ஏறக்குறைய அவ்வளவுதான்.

தேவசகாயம் மேஸ்திரி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கப்பல் எஞ்சினில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். என்னைவிட நாலு வயதுதான் பெரியவர், ஆனாலும் எல்லோரையும் 'நீர்' போட்டுத்தான் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைப்பார். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாக இருக்கும், அப்போதும் துடைப்பார். எனக்கு அதைப் பார்த்தாலே உடம்பெல்லாம் எறும்பு ஊரும். இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போனால் என்ன என்று தோன்றும்.

அவர் போட்ட விதிகள் இரண்டு. ஒன்று தட்டு. கழற்றுகிற சாமான் ஒவ்வொன்றும் கழற்றிய வரிசையில் ஒரு தகரத் தட்டில் உட்கார வேண்டும். மாட்டி முடிக்கும்போது தட்டு காலியாக இருக்க வேண்டும். தட்டில் உள்ளதை வேறு எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது. இரண்டாவது கேரியர். சக்கர வேலை முடிந்து வண்டி முதல் ஓட்டம் போகும்போது, சக்கரத்தை மாட்டியவன் பின்னால் கேரியரில் ஏறி உட்கார்ந்து போய் வர வேண்டும். சொந்தக்காரர் ஓட்டுவார், இவன் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பான். பேரிங்கில் ஒரு குண்டு கோளாறாக இருந்தாலும் முதுகெலும்பில் தெரிந்துவிடும் என்பார் மேஸ்திரி. கேரியரில் ஏற யோசிக்கிறவன் மாட்டிய சக்கரத்தை அவர் வெளியே விடமாட்டார்.

யுத்தத்துக்குச் சில வருடங்கள் முன்னால் நடந்தது இது. திருவொற்றியூரில் ரங்கையா என்று ஒரு டாக்டர் இருந்தார். எண்ணூர் வரைக்கும் உள்ள குப்பங்களுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். வண்டியைப் படகில் ஏற்றிக் கழிமுகத்தைத் தாண்டிக்கூட வைத்தியம் பார்க்கப் போவார். அப்படிப் போகையில் ஒரு நாள் படகு சாய்ந்து, வண்டியின் பின்பக்கம் உப்புத் தண்ணீரில் மூழ்கிவிட்டது. தூக்கித் துடைத்துவிட்டு இரண்டு மாதம் அப்படியே ஓட்டியிருக்கிறார். பின்சக்கரம் மாவு மில் போலக் கத்த ஆரம்பித்த பிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தார்.

காலை ஒன்பது மணிக்கு வந்தார். மத்தியானம் எண்ணூரில் இருக்க வேண்டும், குப்பத்தில் காய்ச்சல் பரவிக் கிடக்கிறது என்றார். மேஸ்திரி சக்கரத்தை ஒரு முறை சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "சாயங்காலம் ஆகும் டாக்டரய்யா" என்றார்.

நான் குறுக்கே புகுந்தேன். "பன்னெண்டு மணி சங்கு ஊதறதுக்குள்ள முடிச்சிக் குடுத்துடறேன் சார்."

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாக்கு குடுத்தது நீரு. செய்யும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

இனி பேரிங். சக்கரத்தின் நடுவே ஆரக்கால்கள் எல்லாம் வந்து சேருகிற உருளைக்கு ஹப் என்று பெயர். மாட்டுவண்டிக்காரர்கள் குடம் என்பார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். குடத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேரிங் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். வெளி வளையம் குடத்தைக் கவ்வியிருக்கும், உள் வளையம் அச்சின்மேல் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் குண்டுகள். இரண்டு பேரிங்குக்கும் இடையே விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய் உண்டு. பார்த்தால் வேண்டாத சாமான் போலத் தெரியும். அச்சின் நட்டை முறுக்கும்போது இரண்டு உள் வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நகரப் பார்க்கும், குழாய் நடுவில் நின்று தடுக்கும். அது இல்லையென்றால் உள் வளையங்கள் இழுபட்டுக் குண்டுகள் பக்கவாட்டில் நெருக்குண்டுவிடும். வண்டி அப்போதும் ஓடும். ஒரு மைல் ஓடும், இரண்டு மைல் ஓடும். சூடு ஏற ஏற இறுகி, கடைசியில் பூட்டுப் போட்டதுபோல் சக்கரம் நின்றுவிடும்.

கழற்றும் முறை இது. அச்சை உருவி, டயரைக் கழற்றி, பூட்டு வளையத்தை எடுத்த பிறகு, பித்தளைக் கம்பி ஒன்றை ஒரு பக்கத்து ஓட்டை வழியாக உள்ளே விட வேண்டும். குழாயைச் சற்று ஒதுக்கினால் எதிர்ப் பக்கத்துப் பேரிங்கின் விளிம்பு கம்பி முனையில் தட்டுப்படும். அங்கே ஒரு தட்டு, அதற்கு நேர் எதிரே ஒரு தட்டு, மறுபடி இங்கே ஒரு தட்டு. ஒரே இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் பேரிங் கோணிக்கொண்டு குடத்தின் சுவரைக் கீறிவிடும். என் மாதிரி ஆளுக்குத் தண்டனை போன்ற வேலை.

முதல் பேரிங் கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. குழாயை எடுத்துத் தட்டில் வைத்தேன். இரண்டாவது பேரிங்கை உப்பு தின்றிருந்தது. பத்து முறை தட்டியதும் அது பிரிந்து உள் வளையமும் குண்டுகளும் தரையில் சிதறின, வெளி வளையம் மட்டும் குடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. கம்பியைக் கொடுக்க அதில் விளிம்பு இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், அசையவில்லை. அதற்குள் மணி பத்தரை.

இந்த மாதிரி வளையத்துக்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. வேறு ஊர்ப் பட்டறைகளில் இப்படிச் செய்தார்களா என்று தெரியாது. பட்டறைக்கு எதிர்ச் சந்தில் ராஜம்மா கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். பெரிய இரும்புச் சட்டியில் மணலைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, அதில் கடலையைப் போட்டுப் புரட்டுவாள். குடத்தைச் சூடாக்க அந்த மணலைப் போல வேறொன்று கிடையாது. ஊதுவிளக்கை நேராகக் காட்டினால் ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் வேகாது. மணலில் சூடு எல்லாப் பக்கமும் ஒன்றாக ஏறும். சக்கரத்தைச் சட்டியின்மேல் கிடத்தினால் குடம் மட்டும் மணலில் அமிழும், மேலேயும் நாலு கரண்டி மணலைக் குவித்துவிடுவோம். குடம் காய்ந்ததும் மாட்டிக்கொண்ட வளையத்துக்குள் ஐஸ் துண்டை வைத்தால் வளையம் மட்டும் சுருங்கிக் கழன்றுகொள்ளும். அதே சூட்டில், உப்பு கலந்த ஐஸில் குளிர வைத்த புதுப் பேரிங்கைப் போட்டால் சுத்தியலே வேண்டாம், தானாக இறங்கி உட்காரும். சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்குவோம். பேரிங்கைப் பழைய டியூப் துண்டில் சுற்றித்தான் ஐஸில் புதைப்போம், ஈரம் பட்டால் துருப் பிடித்துவிடும்.

ராஜம்மா எங்கள் சக்கரங்களுக்கென்று தனி மணல் வைத்திருந்தாள். அப்படியும் நாங்கள் போய் நின்றால் ஒரு பாட்டுப் பாடாமல் சட்டியைத் தரமாட்டாள்.

"தோ பாரு, உன் கிரீஸு கலீஜ் என் கடலையில ஒட்டிச்சின்னா ராயபுரம் பூரா நாறடிச்சிருவேன்."

"சும்மா பேஜாரு பண்ணாத ராஜம்மா. டாக்டர் நின்னுகினு கீறாரு. சட்டிய வுடு."

சூடு ஏற்றுவதற்கு முன் குடத்தின் ஓட்டையை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் உள்ளே போய்விடும். அதற்கென்று மரத்தில் செதுக்கிய அடைப்பான் ஒன்று பட்டறையில் இருந்தது. அன்றைக்குப் பார்த்து அது கிடைக்கவில்லை. மேடைக்கு அடியில் தேடினேன், இழுப்பறையில் தேடினேன். டாக்டர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டில் குழாய் இருந்தது. அதைச் சுற்றிக் கந்தல் துணியை இறுக்கமாகச் சுருட்டி ஓட்டையில் திணித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. தட்டில் உள்ளதை எடுக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. வந்ததும் அதை ஒதுக்கித் தள்ளினேன். திரும்பவும் உள்ளே போகப்போகிற குழாய்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பதினொன்றேகாலுக்குக் குடம் காய்ந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் துள்ளியது. அதற்குப் பிறகு எல்லாமே ஓட்டம்தான். இடுக்கியால் துணி அடைப்பை இழுத்து மணலில் எறிந்தேன். ஐஸை வளையத்துக்குள் வைத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், மரக்கட்டையில் ஒரு மோது மோதினேன், வளையம் காலடியில் விழுந்தது. ராஜம்மாகூட "ஹை" என்றாள். குடத்தைத் துடைத்து ஒரு பேரிங்கைப் போட்டேன், களுக்கென்று இறங்கியது. சக்கரத்தைப் புரட்டி அடுத்ததைப் போட்டேன், அதுவும் களுக்கென்று இறங்கியது. இரண்டு கையையும் தட்டிக்கொண்டேன். இருபது நிமிடத்தில் இத்தனையும் வேறு எவன் செய்வான் என்று தலையில் கர்வம் ஏறியது. சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன்.

பூட்டு வளையம், டயர், சங்கிலி, அச்சு, நட்டு எல்லாம் ஏறின. தட்டைப் பார்த்தேன், காலியாக இருந்தது. தட்டு பொய் சொல்லவில்லை. தட்டிலிருந்து எடுத்தவன் நான்.

நட்டை முறுக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டது. நட்டைக் கால் திருப்பு தளர்த்தினேன், தாராளமாகச் சுற்றியது. மறுபடி முறுக்கினேன், மறுபடி இறுகியது. புது கிரீஸ், புது பேரிங், முதலில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நின்று யோசித்திருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். அந்த ஒரு நிமிடம் நிற்க என்னால் முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டு மணிச் சங்கும் ஊதியது.

மேஸ்திரி வந்தார். சக்கரத்தைத் தொடவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"கையால சுத்திப் பாத்தீரா?"

"பாத்துட்டேன் மேஸ்திரி. பம்பரமா சுத்துது."

இத்தனை வருடத்தில் நான் சொன்ன பொய்களையெல்லாம் ஒரு பக்கம் வைத்து இதை மட்டும் மறுபக்கம் வைத்தாலும் இதுதான் கனம்.

நான் கேரியரில் ஏறுவதற்காகக் கையைத் துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் டாக்டர், தன் மருந்தகத்துத் தண்ணீர்ப் பம்பு இரைக்கவில்லை, மேஸ்திரி ஒரு நடை வந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்றார். கேரியரில் ஒருவர்தான் உட்காரலாம்.

"அப்ப இண்ணைக்கு நான் ஏறுதேன்" என்றார் மேஸ்திரி என்னைப் பார்த்து. "நீரு சாப்பிடப் போம்."

வாயைத் திறந்தேன். இல்லை மேஸ்திரி, இன்னொரு முறை கழற்றிப் பார்த்துவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். டாக்டர் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டார். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். தெருமுனை திரும்பும்போது ஒரு கையால் கேரியரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணாடியைச் சரிசெய்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

சாப்பிடவில்லை. பட்டறைக்குள்ளேயே இங்கும் அங்கும் நடந்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். ராஜம்மா சல்லடையைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள். எங்கள் மணலை ஒவ்வொரு முறையும் சலித்துத்தான் எடுத்து வைப்பாள்.

"இன்னா நைனா, என் மணல்ல உன் குழா கெடக்குது. துணியில சுத்திகினு இருந்துச்சி. இத்த வுட்டுட்டு இன்னாத்த மாட்டிக் குட்த்த?"

சல்லடையில் மணலும் கருகிய கந்தலும், நடுவில் அந்தக் குழாய். குழாயைச் சட்டைப் பைக்குள் போட்டேன், இன்னும் சுட்டது. வாசலில் நின்றிருந்த யாரோ ஒருவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "டேய், அது இன்னாடா உன் சைக்கிளா?" என்று பின்னால் குரல் கேட்டது.

தண்டையார்பேட்டை வழியாகத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மிதித்தேன். மாட்டுவண்டிகள் வரிசையாக எதிரே வந்தன. ஒவ்வொரு வண்டியைத் தாண்டும்போதும் அதற்கு அந்தப் பக்கம் என்ன கிடக்குமோ என்று பயந்தேன். மோட்டார் சைக்கிளை எட்டிப் பிடிக்கச் சைக்கிளால் முடியாது என்று தெரியும். நான் எட்டிப் பிடிக்கிறேன் என்றால் அது எங்கோ நின்றுவிட்டது என்று அர்த்தம். போகப் போக, எட்டிப் பிடிக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு மிதித்தேன்.

சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் சாலையில் கரிக்கட்டையால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. கோட்டின் முடிவில் வண்டி குப்புறக் கிடந்தது. கிரீஸ் தீய்ந்த நாற்றம் அடித்தது. டாக்டர் முழங்காலில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி வலது கையை இடது கையில் ஏந்திக்கொண்டு நின்றார். மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "குழாய எங்க விட்டீரு?"

சக்கரத்தை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. இறுகி நின்ற விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் சட்டைப் பையைத் தொட்டேன்.

டாக்டர் வலியில் கத்தினார். "யாருய்யா இந்தச் சக்கரத்த மாட்டினது? எதிர்ல ஒரு வண்டி வந்திருந்தா ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம்!"

"கேரியர்ல ஏறினவன்தான் டாக்டரய்யா" என்றார் மேஸ்திரி. "நான்தான்."

எங்கள் பட்டறை வழக்கம் டாக்டருக்கு நன்றாகத் தெரியும். ஏறியவன்தான் மாட்டியவன். நான் சக்கரத்தை மணலில் சூடாக்கியதைத்தான் அவர் பார்த்திருந்தார், உள்ளே கடைசியாக மாட்டி முறுக்கியது யார் என்று பார்த்திருக்கவில்லை. அவர் மேஸ்திரியைத் திட்டித் தீர்த்தார், இத்தனை வருட அனுபவம் இருந்தும் இப்படியா என்று கேட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். பைக்குள் குழாய் இன்னும் மார்பைச் சுடுவதுபோல் இருந்தது. நான்தான் சார் என்று சொல்ல இரண்டே வார்த்தை. எதையும் முந்திக்கொண்டு பேசுகிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேனா, டாக்டர் அடிப்பார் என்று பயந்தேனா, தெரியவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

டாக்டரே மேஸ்திரி கைக்குப் பட்டை வைத்துக் கட்டிவிட்டு, ஜட்கா பிடித்து எண்ணூருக்குப் போனார். கட்டு அவிழ்த்த பிறகு மணிக்கட்டு கோணலாகவே நின்றுவிட்டது. மேஸ்திரியால் சுத்தியல் பிடிக்க முடியவில்லை. உதிரிச் சாமான் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். யானைக்கவுனியிலிருந்து வருகிற பேரிங் பெட்டிகளை இடது கையால் பிரித்து அடுக்குவார். மாட்டியது தான்தான் என்று பட்டறையிலும் சொல்லிவிட்டார், குழாயைப் பார்த்த ராஜம்மாவின் வாயையும் அடைத்துவிட்டார். பட்டறையில் சிரிப்பும் தொடங்கிவிட்டது. எவனாவது எதையாவது மறந்தால் "தேவசகாயம் ஆயிடுச்சி" என்றார்கள். அவர் காதில் விழும்படியே சொன்னார்கள். நானும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டதுண்டு. சிரிக்காமல் இருந்தால் சந்தேகப்படுவார்களே.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். இப்போதுதான் திரும்பி வந்து உட்காருகிறேன்.

விபத்து நடந்து ஆறு மாதம் கழித்து, மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து அவர் அறைக்குப் போனேன். "மேஸ்திரி, நான் டாக்டராண்ட உண்மைய சொல்லிடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி இடது கையால் துடைத்தார். அந்தக் கோபத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"சொல்லும். எனக்காவச் சொல்லுதேன்னு நெனச்சுச் சொல்லாதேயும். இந்தக் கை இனி நேராவப் போறதில்ல."

"நீங்க ஏன் மேஸ்திரி உங்க மேல போட்டுக்கினீங்க?"

"ரூலு நான் போட்டது வே. அடிபட்டதும் நான் மாட்டலன்னு எறங்கி ஓடினா, நாளைக்கு எவன் கேரியர்ல ஏறுவான்?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "குழாய விட்டது பெரிசில்ல. அவசரத்துல எவனும் விடுவான். சுத்திப் பாத்தீரான்னு கேட்டேன். பம்பரமா சுத்துதுன்னு சொன்னீரு. நான் அத நம்பி ஏறினேன்."

அதற்குப் பிறகும் நான் டாக்டரிடம் உண்மையைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வருடங்கள் ஓடின.

டாக்டர் அதற்குப் பிறகும் எங்களிடம்தான் வந்தார். வண்டியை நிறுத்தியதும் என் தோளில் கையைப் போடுவார். "தணிகாசலம், நீ மாட்டுப்பா. மேஸ்திரி பக்கத்துல வரக் கூடாது, சொல்லிட்டேன்." சத்தமாகத்தான் சொல்வார். உதிரிச் சாமான் அறையின் கதவு திறந்தேதான் இருக்கும். புதுப் பேரிங்கை வாங்க நான் அங்கே போய்க் கையை நீட்ட வேண்டும். மேஸ்திரி எண்ணெய்த் தாளைப் பிரித்து, வளையத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்து, அதோடு குழாயையும் எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். குழாய் தேவைப்படாத வேலைக்கும் ஒரு குழாய் வைப்பார். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலையை முடித்து, கேரியரில் ஏறிச் சுங்கச்சாவடியைத் தாண்டிப் போய் வருவேன். வந்து குழாயைத் திருப்பிக் கொடுப்பேன், வாங்கி வைத்துக்கொள்வார்.

ஒரு சக்கரமும் திரும்பி வராத கை என்று எனக்குப் பெயர் வந்தது இப்படித்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு சக்கரத்தையும் மூன்று முறை சுற்றிப் பார்த்தேன், நட்டைத் தளர்த்தி முறுக்கிப் பார்த்தேன், தட்டைத் தவிர என் பைகளையும் உதறிப் பார்த்தேன். பயத்தில் செய்ததைத் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது டாக்டர் இல்லை. மேஸ்திரி யுத்தம் முடிந்த மறு வருடம் ஊருக்குப் போய், அங்கேயே கண்ணை மூடினார் என்று கேள்வி. இதைக் கேட்டிருக்க வேண்டிய இரண்டு பேரும் போன பிறகு சொல்கிறேன். இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

செயலாளருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். என் படத்துக்குக் கீழே அந்த வரியைப் போடாதீர்கள், படமே வேண்டாம் என்றாலும் சரி. பிரஸ் பக்கத்தில் வேலை செய்கிறவர்களிடம் சொல்லுங்கள். இனி எவராவது ஒரு வாஷரையோ குழாயையோ மறந்தால் "தணிகாசலம் ஆயிடுச்சி" என்று சொல்லிச் சிரிக்கட்டும். தேவசகாயம் என்ற பெயரை வேறு இடத்தில் சொல்லலாம். சக்கரம் மாட்டி முடிந்து வண்டி முதல் ஓட்டம் கிளம்பும்போது, பின்னால் யார் ஏறுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களே, அங்கே.